ஆளுக்கொரு வசனம்

ஜூன் 9, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. வீட்டுக்காரர் பாடிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, அதற்கும் என் மேலேயே எரிந்து விழுந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு நாள் முழுக்கச் சட்டைகள். நான் செக்கிங்கில் இருக்கிறவள். சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பது, பிசிறு வெட்டுவது, சரியில்லாததை ஒதுக்குவது, இதுதான் வேலை. இன்று நிறைய ஒதுக்கினேன். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் ரெனிதாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்ததிலிருந்து அம்மா போன் என்றால் மகளுக்கு அப்படித்தான்.

ஜூன் 12, வியாழன்

வேலை விட்டு வந்தால் ரெனிதா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஹேண்ட்பேக் மட்டும். ‘சும்மா ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு’ என்றாள். மாப்பிள்ளை வரவில்லையா என்றேன். எழுந்து எனக்கு வழிவிட்டாள்.

தோசை ஊற்றும்போது அவளுக்கு இடது பக்கமாக நின்று ‘இன்னொண்ணு போடவா’ என்றேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

லீவு போட்டுவிட்டு ஆவடியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். அடிபட்டதா என்று கேட்டார். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்’ என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காது படத்தைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள். அடித்தது மாப்பிள்ளை மேக்ஸ்வெல்தான். இது முதல் தடவை இல்லை. போன கிறிஸ்மஸுக்கு அவள் வராததற்குக் காரணம் அம்மை இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருக்க வேண்டும், இல்லையா? வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அவரிடம் நேற்றே சொல்லியாயிற்று. கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, ‘கோபக்காரப் பையன்தான். ஜெபிச்சா மாறிடுவான்’ என்றார்.

இன்று ஆராதனை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: ‘கர்த்தர் வெறுக்கிற காரியத்த நான் எப்படி செய்யறது வசந்தி?’

எது என்று நான் கேட்கவில்லை. தெரியும். மல்கியா இரண்டாம் அதிகாரம், பதினாறாம் வசனம். தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். தள்ளிவிடுதல் என்றால் விவாகரத்து. ரெனிதா கல்யாணத்தில் பாஸ்டர் இதை வைத்துத்தான் பிரசங்கம் செய்தார். சபையில் எந்தக் கல்யாணமானாலும் இதுதான்.

இவர் ஊருக்குப் பயந்து பேசுகிறார் என்றால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு என் வழியில் போவேன். இவர் நிஜமாகவே நம்புகிறார். மகளை வீட்டில் வைத்துக்கொண்டால் பாவம் என்று நம்புகிறார். அந்த முகத்தைப் பார்த்து என்ன திட்டுவது?

ஜூன் 18, புதன்

சம்பந்தி அம்மா எனக்குப் போனில் தினமும் காலையில் ஒரு வசனம் அனுப்புவார். சூரிய உதயம், ரோஜாப்பூ, கீழே வசனம். இந்த வாரம் முழுக்க மனைவிமார்களுக்கானவை, புருஷனுக்குக் கீழ்ப்படி என்று. அதே ரோஜாப்பூ.

ஜூன் 22, ஞாயிறு

மேக்ஸ்வெல் வந்தார். சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டை. ‘தோத்திரம் அத்தை’ என்றார். நானும் தோத்திரம் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது.

என் வீட்டுக்காரர் காலையிலேயே போய் மட்டன் வாங்கி வந்திருந்தார். பக்கத்தில் உட்காரவைத்து, ‘இன்னும் ரெண்டு பீஸ் வைங்க மாப்ளைக்கு’ என்றார். வைத்தேன். நல்ல பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன். என் கையை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெனிதா ரூமை விட்டு வெளியே வரவில்லை. மேக்ஸ்வெல் கதவுக்கு வெளியே நின்று மெதுவாக ஏதோ பேசினார். நல்ல குரல். அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவர்.

ஜூன் 25, புதன்

வசனம் தேடினேன். போனில் ‘கொடுமை’ என்று போட்டால் வரிசையாக வந்து நிற்கிறது. கொடுமைக்காரனைக் கர்த்தர் வெறுக்கிறார். நல்லது. மனைவியிடம் கசந்துகொள்ளாதே. நல்லது. எல்லாவற்றையும் அவரிடம் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

அப்புறம் ‘மனைவி’ என்று போட்டேன். சம்பந்தி அம்மாவின் ரோஜாப்பூ வசனங்கள் எல்லாம் வந்தன.

எனக்கு வேண்டியதைத் தேடினால் எனக்கு வேண்டியது கிடைக்கிறது. அவர்களுக்கு வேண்டியது அவர்களுக்கு. ரெண்டு பக்கமும் வக்கீல், ரெண்டு பேர் கையிலும் அதே புத்தகம். அப்போ இதில் யார் பேசுகிறார்? கர்த்தரா, நானா?

போனை வைத்துவிட்டேன். அவரிடம் எதையும் காட்டவில்லை.

ஜூலை 2, புதன்

பக்கத்து வீட்டு அங்கம்மாக்கா சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டார். ‘இன்னாம்மா, பொண்ணு வந்து நாளாவுதே, ஊட்டுக்குப் போவலியா?’

உடம்பு சரியில்லை என்றேன்.

‘காதுல பஞ்சு வச்சிகினு கீது. எனக்கு கண்ணு தெரியாதுன்னு நெனச்சிகினியா?’ கொஞ்ச நேரம் துணியை உதறினார். ‘அனுப்பாத. அதுக்கு உங்க புக்குல இன்னா போட்டுகீது?’

‘நெறைய போட்டிருக்குக்கா’ என்றேன்.

‘நெறைய போட்டா எப்புடி. ஒண்ணு சொல்லு.’

இந்த முத்தாபுதுப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து, மூணு தலைமுறையாகக் கோயிலுக்கு விளக்குப் போடுகிற வீட்டுக்காரி அவர். என்னிடம் வசனம் கேட்கிறார். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கினவள் நான். ஒன்றுகூட வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வருகிற சனிக்கிழமை இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து சமாதானம் பேசலாம், மேக்ஸ்வெல் வீட்டார் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அப்படியே ரெனிதாவைக் கூட்டிப்போகட்டும் என்று.

ரெனிதாவிடம் சொன்னேன். ‘நீ என்னம்மா சொல்ற?’ என்றாள். நான் இஸ்திரிப் பெட்டியைப் பிளக்கில் மாட்டினேன். மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். தாய் என்று பெயர்.

ஜூலை 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி வாக்கில் வந்தார்கள். பாஸ்டர், சம்பந்தி, சம்பந்தி அம்மா, மேக்ஸ்வெல். ரெனிதா உள்ளே ரூமில். கதவை முழுதாகச் சாத்தவில்லை. இவர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். நான் டீ போட அடுப்படி நிலைப்படியில் நின்றேன். எனக்கு நாற்காலி இல்லை, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். அதற்குள் சம்பந்தி அம்மா, ‘முதல்ல ஜெபத்தோட ஆரம்பிப்போம் பாஸ்டர். அந்த மல்கியா அதிகாரத்தையே வாசிச்சிடுவோம், ஆளுக்கொரு வசனம்’ என்றார். கர்த்தர் தள்ளிவிடுதலை வெறுக்கிறார் என்பது எல்லார் வாயாலும் வரட்டும் என்று நினைத்திருப்பார். வேறு என்ன?

எல்லார் வீட்டிலும் குடும்ப ஜெபம் இப்படித்தான். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம். சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம் எனக்கு. நம் முறை எப்போது வரும், எந்த வசனம் விழும் என்று முன்கூட்டியே எண்ணிவிடுவேன். மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாது. வாசித்து முடித்ததும் என்னுடையதும் மறந்துவிடும். எத்தனை அதிகாரம் இப்படி வாசித்திருப்போம்.

பாஸ்டர் முதல் வசனம். ஆசாரியர்களே, இந்தக் கட்டளை உங்களுக்குத்தான் என்று இருக்கிறது. அவர் வேகமாக வாசித்துவிட்டார். அடுத்தது சம்பந்தி, அப்புறம் சம்பந்தி அம்மா, மேக்ஸ்வெல், இவர். மறுபடி பாஸ்டர். அதிகாரத்தின் முதல் பாதி முழுக்க ஆசாரியர்களுக்குத் திட்டுதான். வேதத்தைச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு ஆள் பார்த்துச் சொன்னீர்கள், உங்களால் நிறையப் பேர் இடறினார்கள் என்று. இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாது.

டீ கொதித்தது. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு என் பைபிளில் விரல் வைத்து எண்ணினேன். எனக்கு முறை இல்லை. ஆனாலும் பழக்கம். எண்ணிப் பார்த்தபோது பதினாலாவது யாருக்கு என்று தெரிந்தது. அதை வாசித்தேன். வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தி அம்மாவுக்குப் பதின்மூன்று. நீங்கள் அழுது அழுது பலிபீடத்தைக் கண்ணீரால் நனைக்கிறீர்கள், அதனால் நான் உங்கள் காணிக்கையைப் பார்க்கமாட்டேன் என்று. ஏன் பார்க்கமாட்டார் என்பது அடுத்ததில் இருக்கிறது.

மேக்ஸ்வெல் வாசித்தார். உனக்கும் உன் இளவயதின் மனைவிக்கும் நடுவே கர்த்தர் சாட்சியாக இருந்தார். நீ அவளுக்குத் துரோகம் பண்ணினாய். அவள் உன் தோழி, உன் உடன்படிக்கையின் மனைவி.

நல்ல குரலில், கமா வருகிற இடத்தில் நிறுத்தி, சர்ச்சில் வாசிப்பது போலவே வாசித்தார். குரல் நடுங்கவில்லை. வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. அவருக்குக் கேட்டதா என்பதே எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது இவர். இளவயதின் மனைவிக்கு யாரும் துரோகம் பண்ணாதபடி எச்சரிக்கையாக இருங்கள். இவர் பாதியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

பதினாறு பாஸ்டருக்கு வந்தது. தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன். எப்போதும் அங்கேதான் நிறுத்துவார். நாங்களும் அங்கேதான் நிறுத்துவோம். ஆனால் முறைக்கு வாசிக்கும்போது வசனத்தைப் பாதியில் விட முடியாதே. மீதியையும் வாசித்தார். அப்படிச் செய்கிறவன் கொடுமையால் தன் வஸ்திரத்தை மூடுகிறான் என்று.

மனைவியைக் கொடுமைப்படுத்தித் தள்ளுகிற புருஷன்களிடம் சொன்னது அது. அடிபட்டு ஓடிவந்தவளிடம் சொன்னது இல்லை. சொன்ன ஆள் மாறவில்லை, கேட்கிற ஆளை நாங்கள் மாற்றிவிட்டோம்.

கடைசி வசனம் சம்பந்திக்கு. பொல்லாப்புச் செய்கிறவனை நல்லவன் என்று சொல்லிச் சொல்லி என்னைச் சலிக்கவைத்தீர்கள். முடித்துவிட்டு ‘ஆமென்’ என்றார், வழக்கம்போல.

பாஸ்டர் ஜெபிக்கவில்லை. பைபிளை மடியில் வைத்துக்கொண்டு மேக்ஸ்வெல்லிடம், ‘தம்பி, கை நீட்டினீங்களா?’ என்றார். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. நானும்தான் கேட்கவில்லை.

‘கோபத்துல ஒண்ணு ரெண்டு தடவ...’

‘எந்த ஊட்ல நடக்கல பாஸ்டர்’ என்றார் சம்பந்தி அம்மா.

பாஸ்டர் பைபிளை மூடி எழுந்தார். ‘இன்னிக்கு முடிவு வேணாம்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். கார் காலியாகப் போனது. டீயை யாரும் குடிக்கவில்லை. நான் ஒவ்வொன்றாக ஊற்றிக் கழுவினேன்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ரெனிதா கேட்டாள், ‘அந்த வசனம் அவருக்குன்னே வந்து விழுந்துச்சே, பாத்தியாம்மா? கர்த்தர்தானே?’

ஆம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தால் எண்ணிக்கை மாறியிருக்கும். பதினாலு வேறு யாருக்காவது போயிருக்கும். அப்போது கர்த்தர் மாறிப் பேசினார் என்பதா? யார் வாயில் விழுந்தாலும் அது அதே வசனம்தான். நடந்தது இவ்வளவுதான்: முதல் தடவையாக அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தோம். யாரிடம், எதற்காகச் சொன்னது என்று தெரிந்தது.

அவளிடம் இதைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அடையாளம்தான் வேண்டும் அவளுக்கு. எனக்கும்தான்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச் வாசலில் பாஸ்டர் நின்று எல்லாருக்கும் கை கொடுத்தார். என் முறை வந்ததும், ‘அம்மா, அந்த அதிகாரத்தோட முதல் பாதிய நான் எப்பவும் தாண்டிடுவேன்’ என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ‘முழுசா படிங்க. நானும் படிக்கணும்’ என்றார். பின்னால் வரிசை இருந்தது. நகர்ந்துவிட்டேன்.

சின்னதாக எதையாவது முழுதாகப் படிக்கலாம் என்று ரூத் புத்தகத்தை எடுத்தேன். முதல் வரியே நியாயாதிபதிகள் காலத்தில் என்று ஆரம்பிக்கிறது. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் ரூத் எப்படிப் புரியும்? ஒரு புத்தகம் பின்னால் போய் நியாயாதிபதிகளை எடுத்தேன். பஸ்ஸில் தினமும் கொஞ்சம்.

ஜூலை 29, செவ்வாய்

படிப்பதில் ஒன்றும் நெஞ்சில் ஏறவில்லை. சண்டை, சாவு, சண்டை. கம்பெனியில் தைக்கிற கார்த்திகா மெஷினில் இருந்து எட்டிப் பார்த்து, ‘சாமி புக் படிச்சா மூஞ்சி கொஞ்சம் தெளியணும்ல அக்கா’ என்றாள். தெளியவில்லை. ஆனாலும் படிக்கிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சபைக் கமிட்டிக் கூட்டத்துக்கு இவருக்கு மட்டும் தகவல் வரவில்லை. ‘மறந்திருப்பாங்க’ என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. ரெனிதா போனைப் பார்த்துச் சிரித்தாள். நெடுநாள் கழித்து அந்தச் சிரிப்பு. மேக்ஸ்வெல்தான் அனுப்புகிறாராம். உபவாசம் இருக்கிறாராம். அழுகிறாராம். திருமழிசைப் பக்கம் தனி வீடு பார்த்திருக்கிறாராம், அவளுக்குப் பிடித்த மாதிரி மாடியோடு. இவருக்கு ஒரே சந்தோஷம். ‘பாத்தியா, கர்த்தர் உடைச்சிட்டார் அவனை’ என்கிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

‘போலாம்னு இருக்கேன்மா’ என்றாள் ரெனிதா. ‘செப்டம்பர் ஏழாம் தேதி வந்து கூட்டிப்போறேன்னு சொல்லியிருக்காரு. மாறிட்டார்மா. அத்தையும் சொல்றாங்க.’

போகாதே என்று எப்படிச் சொல்வது? அவள் இருபத்தேழு வயதுப் பெண். அவள் வாழ்க்கை. மாறியும் இருக்கலாம், யார் கண்டது? மனிதர்கள் மாறமாட்டார்கள் என்று நான் சொன்னால் நான் என்ன கிறிஸ்தவள்? ஆனால் அவள் இடது காது இன்னும் சரியாகவில்லை. அழுகிறேன் என்று எழுதி அனுப்புகிறவர் அந்தக் காதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் அவளிடமே கேட்டுவிட்டேன். எழுதவில்லை என்றாள்.

பயமாக இருக்கிறது. பயமாவது இருக்கிறதே.

செப்டம்பர் 2, செவ்வாய்

நியாயாதிபதிகள் பத்தொன்பதாம் அதிகாரம். பஸ்ஸில் படிக்க ஆரம்பித்து எஸ்டேட் ஸ்டாப்பை விட்டுவிட்டேன். பாடிப் பாலம் வரை போய் இறங்கித் திரும்பி வந்தேன்.

யாரும் இதைப் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. ஞாயிறு பள்ளியில் சிம்சோனோடு நிறுத்திவிடுவார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

குடும்ப ஜெபத்தில், ‘இன்னிக்கு ஆளுக்கொரு வசனம் வேணாம், நானே வாசிக்கிறேன்’ என்றேன். நியாயாதிபதிகள், பத்தொன்பது. பெரிய அதிகாரம். இவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு லேவியன், கோயில் ஊழியம் செய்கிற குலத்தான். ஒரு மறுமனையாட்டி, இரண்டாந்தாரம் மாதிரி, வைத்திருந்தான். அவள் அவனை விட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவள் பக்கம்தான் தப்பு என்று எழுதியிருக்கிறது. அதையும் விடாமல் வாசித்தேன். சில மாதம் கழித்து அவன் அவளோடு இதமாகப் பேசிக் கூட்டிப்போக வருகிறான். அப்பாவுக்கு அவனைப் பார்த்ததும் சந்தோஷம். இரு, சாப்பிடு, இன்னும் ஒரு நாள் இரு என்று பிடித்துப் பிடித்து உபசரிக்கிறார்.

‘நல்ல மனுஷன்’ என்றார் இவர்.

மேலே வாசித்தேன். அப்பா மருமகனோடு அத்தனை நாள் சாப்பிடுகிறார், குடிக்கிறார். மகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர்கூட இல்லை. கிளம்புகிறார்கள். வழியில் ஒரு ஊரில் தங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் வந்து வீட்டைச் சூழ்கிறார்கள். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பிடித்து வெளியே தள்ளுகிறான். ராத்திரி முழுக்க அவர்கள் அவளைச் சீரழிக்கிறார்கள். விடியும்போது அவள் வாசலில் கை வைத்தபடி விழுந்து கிடக்கிறாள். அவன் கதவைத் திறந்து, எழுந்திரு, போகலாம் என்கிறான்.

அங்கே நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் வாசித்தேன். மீதி அதைவிட மோசம்.

ரெனிதா கேட்டாள், ‘இதை எதுக்கும்மா வேதத்துல வச்சிருக்காங்க?’

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. வேதத்தில் இருப்பதெல்லாம் இப்படிச் செய் என்று எழுதினது இல்லை என்று மட்டும் தோன்றுகிறது. ராஜா இல்லை, அவனவன் தன் கண்ணுக்குச் சரியாகப் பட்டதைச் செய்தான் என்று அந்தப் புத்தகமே தலையில் அடித்துக்கொள்கிறது. இந்த அதிகாரமும், யோசித்துப் பேசிச் சொல்லுங்கள் என்றுதான் முடிகிறது. பார் என்று முன்னால் வைக்கிறது. நாங்கள் இவ்வளவு நாள் பார்க்கவில்லை.

‘மேக்ஸ்வெல் அப்படிப்பட்டவன் இல்ல’ என்றார் இவர்.

‘நான் மேக்ஸ்வெல்னு சொல்லலங்க. இது அந்தப் பொண்ணோட கதை. அவளுக்காகத்தான் வாசிச்சேன்.’

அப்படித்தானா? நானும் எனக்கு வேண்டியதைத்தான் எடுத்தேனோ? ஆனால் தேடி எடுக்கவில்லை, படித்துக்கொண்டு வரும்போது வழியில் கிடந்தது. ஒன்றையும் வெட்டவில்லை, அவளுக்கு எதிரானதையும். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த நேர்மை இல்லை.

யாரும் ஜெபிக்கவில்லை. இவர், ‘அந்த அப்பா அப்புறம் வரவே இல்லியா?’ என்று கேட்டார்.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த அதிகாரத்தையும் பார்த்தேன்.

‘இல்லங்க’ என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இவர் வேலைக்குப் போகவில்லை. கேட்டால் தலைவலி.

செப்டம்பர் 6, சனி

ரெனிதா துணி எடுத்து வைத்தாள். மத்தியானம் வரை எடுத்து வைத்தாள். பிறகு அவர் பேப்பர் படிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

‘அப்பா, நாளைக்கு அவர் வருவாரு. நான் பேசினா என்னைப் பேசிப் பேசி மாத்திடுவாரு. நான் போயிடுவேன்ப்பா. எனக்கே தெரியும். நீங்க சொல்லிடுறீங்களா?’

இவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. முகம் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

நாளைக்கு இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி முப்பது வருஷம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து கோழிக் குழம்பு வைத்தேன். ஒரு ஆளுக்குச் சேர்த்தே அரிசி போட்டுவிட்டேன், கை அப்படிப் போட்டது. கார் வந்து நிற்கிற சத்தம். ரெனிதா ரூமுக்குள் போனாள். இவர் எழுந்து சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். நான் ஜன்னலுக்கு வந்தேன்.

மேக்ஸ்வெல் கையில் ஸ்வீட் பாக்ஸ். ‘தோத்திரம் மாமா’ என்றார். இவர் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

‘ரெனிதா வரல மாப்ள.’

‘உள்ள வந்து பேசுறேன் மாமா.’

‘வேணாம் மாப்ள. பேசி முடிஞ்சுது.’

மேக்ஸ்வெல் சிரித்தார். ‘என்ன மாமா, வெயில்ல நிக்க வச்சு. வாசனை தெருவரைக்கும் வருது, ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்ல மாட்டீங்களா?’

எங்கள் கல்யாணத்திலிருந்து இன்று வரை, கடன் கேட்டு வந்தவனைக்கூட இவர் சாப்பிடாமல் அனுப்பினதில்லை. சமைத்தது நான், அலுத்துக்கொண்டதும் நான். இவர் கேட்டின் மேல் கை வைத்தபடி நின்றார்.

‘தண்ணியாவது குடுங்க’ என்றார் மேக்ஸ்வெல். இப்போது சிரிப்பு இல்லை.

இவர் உள்ளே வந்தார். என்னைக் கேட்காமல் அவரே குடத்தில் மொண்டார். பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. வெளியே கொண்டுபோய் கேட்டுக்கு மேலே நீட்டினார். குடித்து முடிக்கிற வரை நின்றார். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். கார் கிளம்பிப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் அங்கம்மாக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

‘சோறு போடு’ என்றார் இவர்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பார். கையை உதறிக்கொண்டு எழுந்து பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமாக அழுதார். ரெனிதா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து அவரிடம் போனாள்.